நிழல் நிழலாகவே இருக்கட்டும்!

புகைப்படத்துக்குத் தமிழில் "நிழற்படம்" என்றும் ஒரு பெயர் உண்டு. அருமையான பெயர். 1839-ஆம் வருஷம் லண்டன் ராயல் சொஸைட்டிக்குத் தம் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதிக் கொடுத்த பாக்ஸ் டால்பட் என்ற ஆங்கிலேயரும், அதை நிழலைப் பிடித்து நிறுத்தும் கலை என்றுதான் வர்ணித்தார். ஆக, இந்தக் கலை பிறந்தபோதே நிழலுக்கு அதில் முதல் தாம்பூலம் கிடைத்துவிட்டது.

இன்றைக்கு என்ன ஆயிற்று? காவிரியில் தண்ணீர் ஓடும் நாளாகப் பார்த்து, சாயங்காலம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் மேற்கே பாருங்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். ஆற்றில் பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் இருக்கும். இடுப்பளவு நீரில் நிற்கிறவர் கண்ணுக்குக் கன்னங்கரேல் என்று ஓர் உருவமாகத் தெரிவார். செல்போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். படத்தில் அவருடைய துண்டின் கரைகூடத் தெரியும். ஆனால் வானம்? சோகை பிடித்தவன் முகம்போல் வெளுத்துக் கிடக்கும்!

காரணம், அந்தக் காமிராவுக்கு நிழல் என்றாலே ஆகாது. இருட்டு கண்ட இடமெல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டுவதே தன் கடமை என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதன் பேச்சைக் கேட்டுக் கேட்டு நமக்கும் அதுவே பழகிப்போயிற்று.

எனவே நான் சொல்ல வருவது இதுதான்: காமிராவின் தானியங்கிப் புத்தியைச் சற்றே ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். கையால் வைத்து எடுக்கப் பழகுங்கள். அதற்கு நிழலுருவப் படத்தைவிட நல்ல வாத்தியார் கிடையாது. எதைக் காட்டுவது, எதை இருட்டில் விடுவது என்ற தீர்மானம் படம் எடுக்கிறவருடையதாக இருக்கவேண்டும். அந்தத் தீர்மானத்தில் கலை மட்டுமல்ல, கொஞ்சம் தர்மமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு மந்திரியின் பெயர்

இப்படிப்பட்ட படத்துக்கு மேல்நாட்டார் வைத்த பெயர் "சிலுவெட்". இது ஓர் ஆசாமியின் பெயர் என்றால் நம்புவீர்களா? எதியென் த சிலுவெட் என்பவர் 1759-இல் பிரான்சின் நிதி மந்திரியாக இருந்தார். இருந்தது எட்டு மாதந்தான். பணக்காரர்கள் மீது வரி போட்டார். செலவைக் குறைக்கச் சொன்னார். பாரீஸ் நகரத்துச் சீமான்கள் சும்மா இருப்பார்களா? மலிவான சரக்குக்கெல்லாம் அவர் பெயரைச் சூட்டிக் கேலி செய்தார்கள். அந்த நாளில் வர்ணம் தீட்டிய சித்திரத்துக்கு நிறையப் பணம் வேண்டும். பணம் இல்லாதவர்கள் பக்கவாட்டு முகத்தைக் கறுப்புக் காகிதத்தில் கத்தரித்து ஒட்டிக்கொள்வார்கள். அந்தப் படத்தோடும் மந்திரியின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கறுப்புக் காகிதம்தான், கண் இல்லை, வாய் இல்லை. ஆனாலும் பார்த்தவுடன் "இது இன்னார்" என்று சொல்ல முடிந்தது. மூக்கின் வளைவும் மோவாயின் வெட்டும் போதும். உருவக் கோட்டுக்கு அவ்வளவு சக்தி! இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எருமையும் பசுவும்

காமிரா ஏன் நிழலைக் கெடுக்கிறது? அதற்குள் ஒளியை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதற்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுப்பு எருமையை மட்டும் சட்டம் நிறையக் காட்டினால் வெளிச்சம் போதாது என்று நினைத்துக்கொண்டு அதை வெளுக்கும். வெள்ளைப் பசுவைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு அதை அழுக்காக்கும். எருமையும் பசுவும் ஒரே நிறத்தில் வந்து நிற்கும்!

சூரியனுக்கு எதிரே நிற்கிற மனிதர் விஷயத்திலும் இதே கூத்துதான். காமிரா அவரை எருமையாகப் பாவித்து வெளுக்கப் பார்க்கிறது. அவர் வெளுத்தால் அவருக்குப் பின்னாலுள்ள வானம் வெந்து வெள்ளையாகிவிடுகிறது. புதிய செல்போன்களில் உள்ள எச்.டி.ஆர். என்ற ஏற்பாடு ஒருபடி மேலே போகிறது. பல படங்களை மளமளவென்று எடுத்து, அவற்றைக் கலந்து, நிழலுக்குள்ளே இருப்பதையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறது.

பரிகாரம் எளிது. ஆளுக்கு ஒளி அளக்காதீர்கள், வானத்துக்கு அளந்துகொள்ளுங்கள். காமிராவைச் சூரியனுக்குச் சற்றுப் பக்கத்திலுள்ள பிரகாசமான வானத்தின் மேல் காட்டி, அது சொல்லும் கணக்கைக் கையால் அப்படியே வைத்துவிடுங்கள். பிறகு ஆளின் பக்கம் திருப்பி எடுங்கள். வானம் சரியாக விழும். ஆள் தானாகவே இருண்டு நிற்பார். வானம் ஆளைவிடப் பதினாறு மடங்கு பிரகாசமாக இருந்தால், அதாவது போட்டோக்காரர்கள் கணக்கில் நாலு ஸ்டாப் வித்தியாசம் இருந்தால், நல்ல கறுப்பு கிடைக்கும்.

மூன்று திருகுகள்

கையால் வைப்பது என்றதும் பயப்படவேண்டாம். திருகவேண்டியவை மூன்றுதான்.

முதலாவது, லென்ஸின் துவாரம். இதில் ஒரு வேடிக்கை: எண் பெரிதானால் துவாரம் சிறிதாகும். எப் 4 பெரிய துவாரம். எப் 16 சிறியது. இரண்டாவது, ஷட்டர் வேகம். 1/250 என்றால் விநாடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நேரம் கதவு திறந்திருக்கும். மூன்றாவது, பிலிம் வேகம் என்று அந்தக் காலத்தில் சொன்னது, இன்று ஐ.எஸ்.ஓ. என்ற எழுத்துக்களில் குறிக்கிறார்கள். வெளிச்சத்தை உணரும் கூர்மை அது. நிழலுருவத்துக்கு 100 போதும். அதிகமாக்கினால் கறுப்பில் புள்ளி விழும்.

சூரியன் அடிவானத்தை நெருங்கும் வேளையில் ஐ.எஸ்.ஓ. 100, எப் 8, 1/250 என்று ஆரம்பியுங்கள். வானம் வெளிறினால் 1/500-க்குப் போங்கள். மிகவும் இருண்டால் 1/125-க்கு வாருங்கள். சூரியன் மறைந்து பத்து நிமிஷமானபின் ஒளி வேகமாகக் குறையும். அப்போது துவாரத்தை எப் 4-க்குத் திறந்து 1/125 வைத்துப் பாருங்கள். அதற்கும் பிறகு முக்காலி இல்லாமல் காரியம் நடக்காது. பிளாஷ் விளக்கை அணைத்துவிடுங்கள். அது எரிந்தால் எல்லாம் பாழ். தானியங்கிக் குவியம் இருட்டில் தடுமாறும். உருவத்தின் விளிம்பில் குவித்து அப்படியே நிறுத்திக்கொள்ளுங்கள்.

செல்போன்காரர்களும் மனம் தளரவேண்டாம். பல போன்களில் புரோ என்ற பகுதி உண்டு. அங்கே இந்தத் திருகுகள் இருக்கின்றன. இல்லாவிட்டால் எச்.டி.ஆரை அணைத்துவிட்டு, திரையில் வானத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள். முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. கண்ணாடி வழியாகப் பார்க்கும் காமிராவில், முக்கியமாக நீண்ட லென்ஸ் போட்டுக்கொண்டு, சூரியனை நேரே பார்க்கவே கூடாது. கண் போய்விடும். திரையில் பாருங்கள், சூரியன் ஒரு கம்பத்தின் பின்னாலோ கோபுரத்தின் பின்னாலோ ஒளிந்திருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். படமும் அதனால் அழகு பெறும்.

சூரியன் தெற்கே மறையாது!

அம்மா மண்டபத்திலிருந்து மலைக்கோட்டைக்குப் பின்னால் சூரியன் மறைவதைப் படம் எடுக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பலர். ஆசை நல்லதுதான். ஆனால் நடக்காது! ஸ்ரீரங்கத்திலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெற்கே, சற்றுக் கிழக்கு ஒதுங்கி இருக்கிறது. நம் ஊரில் சூரியன் உதிப்பதும் மறைவதும், நேர் கிழக்கு மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. உத்தராயணம், தட்சிணாயனம் என்று நம் பெரியவர்கள் கணக்கு வைத்தது இந்த ஊசலாட்டத்தைத்தான். மார்கழிக் கோடியில் தெற்கே சாய்ந்தாலும் அது மலைக்கோட்டையை எட்டாது.

ஆகவே சூரியனை இழுக்க முடியாது, நாம்தான் நகரவேண்டும். உதய காலத்தில் மலைக்கோட்டையைக் கறுப்பாக எடுக்க மேற்கே போகவேண்டும். உறையூர்ப் பக்கத்து மொட்டை மாடி ஒன்றில் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அஸ்தமனத்தில் எடுக்க, தஞ்சாவூர் சாலைப் பக்கம் கிழக்கே வந்துவிடுங்கள். ராஜகோபுரத்துக்கும் இதே விதிதான். கோபுரத்துக்கு மேற்கே உள்ள தெருக்கள் காலைக்கு. கிழக்கே உள்ளவை மாலைக்கு.

நேரமும் கொஞ்சந்தான். அடிவானத்தைத் தொட்ட சூரியன் முழுதும் மறைய நம் ஊரில் இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் திருகைத் தேடிக்கொண்டிருந்தால் சூரியன் காத்திருக்குமா? எல்லாவற்றையும் முன்கூட்டியே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

கறுப்பு பொய் சொல்லாது

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை ராஜதானி அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்தவர். 1858-இல் திருச்சி மலையையும் ஸ்ரீரங்கம் கோயிலையும் படமெடுத்தார். காகித நெகட்டிவ், பெட்டி மாதிரி காமிரா. அந்தக் காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளிக்குத்தான் மயங்கும். சிவப்பு அதற்குத் தெரியாது. ஆகவே வானம் வெறும் வெள்ளையாக விழும். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டிவிட்டார்! எதைக் காட்டுவது என்ற தீர்மானத்தை அவர் பெட்டியிடம் விட்டுவிடவில்லை.

அவர் வந்த காலத்தில் ஸ்ரீரங்கத்தின் தெற்கு வாசலில் இருந்தது மொட்டைக் கோபுரம். பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்றுபோன அது, அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் முயற்சியால் 13 நிலைகளுடன் 236 அடிக்கு உயர்ந்தது. 1987 மார்ச் 25-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. இன்று நாம் காணும் ஸ்ரீரங்கத்தின் நிழலுக்கு வயது அவ்வளவுதான். தாத்தா எடுத்த படத்தில் இல்லாத நிழல் பேரன் எடுக்கும் படத்தில் இருக்கிறது!

பகலில் ராஜகோபுரத்தைப் பார்த்தால் வர்ணங்கள் கண்ணைப் பறிக்கும். பொம்மைகளை எண்ணுவதிலேயே பொழுது போய்விடும். சாயங்காலம் கறுப்பாகப் பார்த்தால்தான் அதன் சாய்வும், நிலைகள் ஒன்றுக்குமேல் ஒன்று சுருங்கிப்போகும் கணக்கும், உச்சியில் வரிசை கட்டிய கலசங்களும் புரியும். ஸ்தபதியின் மனத்திலிருந்த கோடு அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

அதே கறுப்பு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். மலைக்கோட்டையின் உச்சிப் பிள்ளையார் கோயில், தெப்பக்குளம் பக்கத்து லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ங்கோபுரம், ராஜகோபுரம் எல்லாம் வானத்தில் எழுதிய கையெழுத்து மாதிரி. அந்தக் கையெழுத்தின் மேல் செல்போன் கோபுரங்களும் விளம்பரப் பலகைச் சட்டங்களும் கேபிள் கம்பிகளும் கிறுக்கிக்கொண்டு போகின்றன. வர்ணப் படத்தில் இவை கண்ணில் படாமல் தப்பிவிடும். நிழலுருவத்தில் தப்ப முடியாது. ஊரின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் ஒரே இடத்திலிருந்து ஒரு நிழலுருவம் எடுத்து வைக்கட்டும். ஊர் போகிற போக்கு பச்சையாகத் தெரியும். மன்னிக்கவும், கறுப்பாகத் தெரியும்!

முகம் யாருடையது?

இப்போது முன்பு சொன்ன தர்மத்துக்கு வருகிறேன்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அம்மா மண்டபத்தில் எள் விழ இடமிருக்காது. பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வருகிறவர்கள் அவர்கள். தகப்பனை இழந்து சில மாதம்கூட ஆகாத மகன் அதில் இருப்பான். கணவனைப் பறிகொடுத்த அம்மாள் படியில் உட்கார்ந்திருப்பாள். அவர்கள் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் காமிராவை நீட்டுகிறவர்களைப் பார்க்கிறோம். கேட்டால், "தத்ரூபமாக இருக்கிறது, சார்!" என்கிறார்கள். இருக்கட்டும். அந்தத் துக்கம் யாருடைய சொத்து?

நிழலுருவம் இங்கே ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. நீரில் நிற்கும் ஓர் உருவம், குவித்த இரண்டு கைகள், விரலிடுக்கில் வழியும் தண்ணீர், பின்னால் வானம். அந்தப் படம் பிரிவைச் சொல்லும். ஆனால் பிரிந்தவரின் வீட்டு முகவரியைச் சொல்லாது. பார்க்கிற ஒவ்வொருவரும் தம் தகப்பனாரை அதில் நினைத்துக்கொள்வார்கள்.

பத்திரிகைகள் இந்த உபாயத்தை வெகு நாளாக அறியும். கொடுமைக்கு ஆளான பெண்களின் அடையாளத்தையும் குழந்தைகளின் அடையாளத்தையும் வெளியிடச் சட்டம் இடம் தருவதில்லை. குழந்தைகளுக்காக 2012-இல் வந்த போக்ஸோ சட்டமும் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறது. ஆனால் கறுப்பாக எடுத்துவிட்டால் போதும் என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது. பிரெஞ்சுக்காரர்களின் கறுப்புக் காகிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு முகம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். மறைக்கவேண்டிய இடத்தில் முதுகுப் பக்கமாக, தூரத்திலிருந்து எடுக்கவேண்டும். அடையாளம் தெரியும்படி எடுத்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும்.

இதற்கு நேர் எதிரான அபிப்பிராயமும் உண்டு. "ஏழை எளியவர்களை வெறும் கறுப்புப் பொம்மையாக்கி, வானத்துக்கு அலங்காரமாக நிறுத்துகிறீர்களே! அவர்களுக்கு முகம் கிடையாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உச்சி வெயிலில் தார் போடுகிற தொழிலாளியின் நெற்றி வியர்வை தெரியவேண்டும். கோயில் வாசலில் பூத்தொடுக்கும் அம்மாளின் விரல் வேகமும் சிரிப்பும் தெரியவேண்டும். அவர்கள் தங்களைக் காட்டிக்கொள்ள விரும்பும் இடத்தில் நிழலாக்குவது மரியாதையல்ல, அலட்சியம். மறைப்பதா, காட்டுவதா என்பதை ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை யோசித்துத் தீர்மானிக்கவேண்டும். அந்த யோசனையைத்தான் தானியங்கிக் காமிராவால் செய்யமுடியாது. அதற்கு எல்லா முகமும் ஒன்றுதான். எல்லாவற்றையும் வெளுத்துக் காட்டும்.

"பிறகு பார்த்துக்கொள்ளலாமே!"

"எதற்கு இவ்வளவு பாடு? எப்படியாவது எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் கறுப்பாக்கிக்கொண்டால் போயிற்று" என்பவர்களுக்கு ஒரு பதில். வெளிச்சமாக விழுந்த ஆளைப் பிறகு கறுப்பாக்கலாம். ஆனால் வெந்து வெள்ளையாகிப்போன வானத்துக்கு நிறத்தைத் திருப்பித் தர எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. வேண்டுமானால் வேறு ஒரு வானத்தை ஒட்டவைக்கலாம். அது நம் காவிரிக்கரை வானமாக இருக்காது.

நம் நாட்டில் தயாராகி வீட்டுக்கு வீடு புகுந்த அக்பா கிளிக்-3 காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படந்தான். துவாரத்துக்கு வெயில், மேகம் என்று இரண்டே குறிகள். 1967-லிருந்து ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் சுருள்கள் தயாராயின. அந்த ஆலையும் மூடப்பட்டுவிட்டது. பன்னிரண்டு படத்துக்கு மேல் கிடையாது என்பதால் அன்று ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு யோசனை இருந்தது. இன்று ஆயிரம் படம் எடுத்தாலும் காலணாச் செலவில்லை. சௌகரியம்தான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் சௌகரியத்தோடு யோசனையும் போய்விட வேண்டுமா?

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கோ மொட்டை மாடிக்கோ போங்கள். பன்னிரண்டே படம் என்று சபதம் செய்துகொள்ளுங்கள். தாழ உட்கார்ந்து, குழந்தையின் தலை முழுவதும் வானத்தின் மேல் தெரியும்படி பாருங்கள். கையும் உடம்பும் ஒட்டாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒட்டினால் படத்தில் வெறும் மூட்டைதான் மிஞ்சும். வானத்துக்கு ஒளி அளந்து, மூன்று திருகுகளையும் வைத்து, குழந்தையையே அமுக்கச் சொல்லுங்கள்.

படம் கறுப்பாக இருக்கிறதே என்று குழந்தை கேட்கும். "நாம்தான் அப்படி வைத்தோம்" என்று சொல்லுங்கள். தன் கையால் வைத்துத் தன் கண்ணால் தீர்மானித்த ஒரு காரியம் அதுவாக இருக்கும். இந்தக் காலத்துக் குழந்தைக்கு அப்படி ஒரு காரியம் கிடைப்பதே அபூர்வமல்லவா?